லீலாபாயின் வலது தோள்

அருமனைப் பக்கம் லீலாபாயைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அதற்குப் பிறகுதான் பதில் வரும். "அவளா? அவ ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான்" என்பார்கள். அது பாராட்டா குறையா என்று சொல்பவர்களுக்கே தெரியாது. வயது ஐம்பத்தொன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. இருபத்தாறு வருடமாக ஒரே தோட்டம், முந்நூற்றுப் பத்து மரம். மரத்தில் காயம் விழாமல் வெட்டுகிறவள் என்று பெயர். அந்தப் பெயரை அவளே முதலில் சொல்லிவிடுவாள், மற்றவர்கள் பிறகு ஒத்துக்கொள்வார்கள். அடக்கம் என்ற ஒன்றுக்கு அவளிடம் எப்போதும் நேரம் இருந்ததில்லை.

பால் வெட்டு பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கி உள்ளே இருக்கிற தடியை, அதாவது மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் மரம் முண்டு கட்டிவிடும். அப்புறம் அங்கே ஒழுங்காக ஒரு வெட்டும் போட முடியாது. லீலாபாய் வெட்டிய மரங்கள் பழைய மரங்கள். கீழ்ப்பட்டை முழுக்கத் தீர்ந்து, இப்போது வெட்டு நடப்பது தலைக்கு மேலே. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவளுடைய கதை முழுக்க இதற்காகத்தான்.

போன தை மாதம், பனியில் நனைந்து கிடந்த சருகில் கால் வழுக்கி விழுந்தாள். விழுகிறபோது வலது கையை ஊன்றினாள். இடது கையிலிருந்த பால் வாளி கவிழ்ந்து மேட்டிலிருந்து ஓடையை நோக்கிப் பால் ஓடியது. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு மணி நேர உழைப்பு கண்ணெதிரே மண்ணுக்குள் போகிறதே என்று சருகைத் திட்டினாள், பனியைத் திட்டினாள், செருப்பைத் திட்டினாள். கை வலிக்கிறது என்பது வீட்டுக்கு வந்து குழம்பு தாளிக்கும்போதுதான் தெரிந்தது.

பத்து நாள் ஆகியும் தலை சீவக் கை எழும்பவில்லை. கணவர் தங்கையன் கொத்தனார், அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குச் சாந்துச் சட்டியை வைத்துவிட்டு அவளை மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே எலும்பு டாக்டர் ஜினி. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, தோள் எலும்பின் உச்சியில் பிடித்திருந்த தசைநார் பிய்ந்து உள்ளே சுருண்டு கிடக்கிறது என்றார். தானாக ஒட்டாது. ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"சதைய எலும்புல எப்படி டாக்டரம்மா தைப்பிய? ஊசி எறங்குமா?" என்று லீலாபாய் கேட்டாள்.

ஜினிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நகத்தளவு நீளத்தில் மரையுள்ள திருகாணி. அதன் காதில் இரண்டு நூல் கோத்திருந்தது. "இது பேரு ஆங்கர். இத எலும்புக்குள்ள திருகி எறக்கிருவோம். நூல் மட்டும் வெளிய நிக்கும். அந்த நூலால தசைநார இழுத்து எலும்போட சேத்துக் கட்டிருவோம். ஆனா ஒண்ணு, ஒட்டுறது இந்த ஆணி இல்ல. ஒட்டுறது உங்க உடம்பு. அது ஒட்டுற வரைக்கும் இது பிடிச்சிட்டு நிக்கும், அவ்வளவுதான்."

லீலாபாய் அந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. "பட் வைக்கது மாதிரி அல்லியா? நாடாதான் பிடிச்சிட்டு நிக்கும், மரம்தான் ஒட்டும்."

"அதேதான்!" என்றார் ஜினி.

இந்த ஒரு வார்த்தைதான் பிறகு எல்லா வம்புக்கும் காரணமாயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் லீலாபாய் திற்பரப்பு அருகே ஒரு ரப்பர் நாற்றுப் பண்ணையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். அங்கே பட் ஒட்டுவதுதான் வேலை. நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு ஒரு சின்னத் துண்டாக எடுத்து, காட்டு நாற்றின் தண்டில் அதே அளவுக்குத் திறந்த இடத்தில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். இருபத்தொரு நாள் யாரும் தொடக்கூடாது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு முன்கூட்டியே நாடாவை அவிழ்க்கிற பெண்களை அவள் திட்டிய திட்டு பண்ணையில் பிரசித்தம். இருபத்தொன்றாம் நாள் அவளே அவிழ்ப்பாள். பச்சையாக இருந்தால் ஒட்டிவிட்டது. அவள் வைத்த பட் நூற்றில் தொண்ணூறு பிழைக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தோளில் மூன்று சின்னத் துளை, உள்ளே இரண்டு ஆங்கர். கையை மார்போடு சேர்த்துத் தாங்கும் ஒரு பட்டியை மாட்டி, ஆறு வாரம் இதைக் கழற்றவே கூடாது என்று ஜினி மூன்று தடவை சொன்னார். லீலாபாய் மூன்று தடவை தலையாட்டினாள். மனதுக்குள் அவள் கணக்கு வேறாக ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்றாம் நாள் காலை பட்டியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். தங்கையன் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, டாக்டரு ஆறு வாரம்னுதானே சொன்னாவ?"

"அவிய எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாவ. மரத்துக்கே இருவத்தொரு நாளு போதும். நான் என்ன மரத்தவிட மோசமா?"

தோளில் வலியும் இல்லை. வலி இல்லாததுதான் அவளை ஏமாற்றியது. அது மாசிக் கொடைத் திருவிழா நாள். மண்டைக்காட்டு அம்மனுக்கு வருடந்தோறும் இருமுடி கட்டிப் போகிறவள். பத்தொன்பது வருடம் தவறியதில்லை. இருபதாவது வருடத்தைத் தவறவிட அவளுக்கு மனமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, இருமுடியைத் தலையில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து நெருக்கியதில் இருமுடி வலது பக்கம் சரிந்தது. அதைப் பிடிக்க அவள் வலது கை தானாக மேலே பாய்ந்தது.

உள்ளே ஏதோ நழுவியது. பெரிய வலி இல்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இருமுடியை இடது கைக்கு மாற்றி, முறையெல்லாம் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். வீட்டுக்கு வந்து பட்டியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டபோது தங்கையனுக்குப் புரிந்துவிட்டது. அவர் அம்மனைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். "அம்மைய ஒண்ணும் சொல்லாண்டாம்" என்று லீலாபாய் சீறினாள். "எனக்க கணக்கு தெற்றிப்போச்சு. அதுக்கு அம்ம என்ன செய்வா?"

மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு ஆங்கரும் வைத்த இடத்தில் வைத்தபடி எலும்பில் உறுதியாக நின்றன. நூலும் இருந்தது. தசைநார்தான் நூலில் அறுபட்டுக் கழன்று போயிருந்தது. ஜினிக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். லீலாபாய் ஒளிக்கவில்லை. பட் கணக்கை, இருபத்தொரு நாளை, எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நான்தானே அதேதான்னு சொன்னேன்" என்றார் மெதுவாக.

"நீங்க சொன்னது சரிதான் டாக்டரம்மா. நான் எண்ணினதுதான் தப்பு. இருவத்தொண்ணாம் நாளு நாங்க நாடாவத்தான் அவுப்போம். ஒட்டிச்சான்னு பாப்போம். அந்தப் பட்டுல எவளாவது ஊஞ்சல் கட்டுவாளா? முளை வந்து, கம்பாகி, அதுக்கப்பறந்தானே காத்துக்கே விடுவோம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செஞ்சுட்டேன்." சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செரி, இனி மறுபடி எப்பம் வைக்கது?"

மறுபடி வைப்பதற்கு ஜினி தயாராக இல்லை. ஒரு தடவை அறுந்த நார் சுருங்கிவிட்டது, தரம் குறைந்துவிட்டது, இன்னொரு தடவை தைத்தாலும் பாதிக்குப் பாதிதான் என்றார். வலி குறையலாம். கை தலைக்கு மேலே போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இப்படியே விட்டுவிட்டுச் சின்ன வேலை ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த யோசனையைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. லீலாபாய்க்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. பாதிக்குப் பாதி என்றால் பாதி இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும் என்று அவள் கேட்டாள்.

இலையுதிர்வுக்காக நிறுத்தியிருந்த வெட்டைத் தோட்டத்தில் மறுபடி தொடங்கும் நேரம். தோட்டக்காரர் ராஜகுமார் ஒரு பை நிறையச் செவ்வாழைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது. லீலாபாய் அந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியைப் பழத்தோடு கொண்டுவருகிற வகை.

"லீலாக்கா, மரத்த இப்பம் அடுத்த தோட்டத்துல வெட்டுக முருகதாஸுக்கு விட்டிருக்கேன். நீங்க சொகமா இருங்க. வேணும்னா ரப்பர் ஷீட்டு காயப்போடுக வேலைக்கி வாங்க, நெழலுல நிக்கலாம்."

"எனக்க மரத்தயா விட்டிய?"

ராஜகுமார் சிரித்தார். "மரம் எனக்க மரமல்லியா அக்கா?"

"மரம் ஒமக்கு. வெட்டு எனக்கு" என்றாள் லீலாபாய்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவளிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை என்பது அவருடைய அப்பா காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். கடைசியில் எழுந்து நின்று, "கார்த்திகை தீருகதுக்குள்ள கை தலைக்கு மேல வந்துட்டா வாங்க. மரம் ஒங்களுக்குத்தான். வரல்லன்னா என்னய வையக்கூடாது" என்றார். வராது என்று நினைத்துத்தான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. பழத்தை அவள் தொடவே இல்லை, தங்கையன்தான் நாலு நாள் இருந்து தின்று தீர்த்தார்.

சித்திரையில் இரண்டாவது ஆபரேஷன். அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் ஜினி ஒத்துக்கொண்டார் என்று ஆஸ்பத்திரி நர்சுகள் பேசிக்கொண்டார்கள். பழைய இரண்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக நாலு ஆங்கர் இறக்கினார்.

அதன் பிறகு அவள் செய்தது ஊரில் யாரும் எதிர்பார்க்காத காரியம். சும்மா இருந்தாள். பிறந்ததிலிருந்து சும்மா இருந்தறியாத ஒருத்தி, கையை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்களுக்கு அதைப் பொறுக்கவில்லை. ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். கையை ஆட்டாமல் வைத்தால் உறைந்துபோகும் என்றார்கள். கீழத்தெருவில் ஒருத்திக்குக் கட்டை மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். தங்கையனின் அக்கா தாணம்மாள் ஒரு நாள் தைலப் புட்டியோடு வந்து, பட்டியின் கொக்கியில் கையே வைத்துவிட்டார்.

"பட்டிய அவுரு பிள்ளே. ஒரு தடவ உழிஞ்சு விட்டா எல்லாம் செரியாவும். எத்தன பேருக்குப் பாத்திருக்கேன்."

"மதினி, கைய எடுங்க."

"ஒனக்கு நல்லதுக்குத்தானே சொல்லுகேன்?"

"நல்லதுக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கி பதினெட்டாம் நாளு. நாப்பத்திரெண்டு ஆவுகது வரைக்கும் இந்தக் கொக்கியத் தொட்டா, மதினின்னும் பாக்கமாட்டேன், யாருன்னும் பாக்கமாட்டேன். அந்தத் தைலத்த எனக்க முட்டுக்கு வேணும்னா தேச்சு விடுங்க."

தாணம்மாள் இரண்டு மாதம் பேசவில்லை. லீலாபாய்க்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் கூப்பிட்டனுப்பவில்லை. தங்கையன் வைத்த ரசத்தைக் குடித்தாள். அது ரசமே இல்லை, அதையும் சொன்னாள். தூக்கத்தில் கை அசைந்துவிடுமோ என்று பயந்து நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினாள். இருபத்தொன்றாம் நாள் முழுவதும் அவள் இடது கையால் அந்தக் கொக்கியைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்துமூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரி வாசல் திறப்பதற்கு முன்னாலேயே அங்கே நின்றாள். ஜினி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். 'அதேதான்' என்ற வார்த்தையை அவர் இப்போதெல்லாம் எந்த நோயாளியிடமும் சொல்வதில்லை.

பிறகு பயிற்சி. முதலில் இன்னொருவர் தூக்கிவிட வேண்டும், அப்புறம் கப்பியில் கயிறு போட்டு இடது கையால் வலது கையை இழுக்க வேண்டும், அப்புறம் சுவரில் விரலால் படிப்படியாக ஏற வேண்டும். ஆவணியில் கை தோள் மட்டத்துக்கு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதோடு நின்றுவிட்டது. புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று, கை தோளைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறவில்லை. பலம் வர ஒரு வருடம்கூட ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் ஜினி. பொய் சொல்லத் தெரியாத டாக்டர்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் தங்கையன், "போதும் ஏட்டி. சோறு திங்கக் கை வருது, கொழம்பு தாளிக்க வருது. இதுவே பெரிய காரியம்" என்றார். அன்போடுதான் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய் அழுதாள். துக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதாள். எல்லோரும் அவளை முடிந்துபோனவளாக்கி வைத்துவிட்டு, அவளிடம் ரொம்ப நல்லவர்களாக நடந்துகொள்கிறார்களே என்ற ஆத்திரம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சுவரின் முன்னால் நின்றாள்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வாரம், காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. முருகதாஸ் அன்றைய வெட்டை முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தான். மூன்று தோட்டம் பிடித்து ஓடுகிறவன். ராஜகுமார் ஷீட் அடிக்கிற கொட்டகையில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் வந்தார்.

"வாங்க அக்கா! கை எப்படி இருக்கு? எங்க, தூக்கிக் காட்டுங்க பாப்போம்."

லீலாபாய் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தூக்கினால் தோளோடு நின்றுவிடும். காலையில்கூடச் சுவரில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, கையத் தூக்கிக் காட்டதுக்கு?" என்றாள். "நான் மரம் பாக்க வந்தேன். வாரும்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் மேட்டில் ஏறிவிட்டாள். முதல் வரிசையில் நாலைந்து மரம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவள் தயங்கவில்லை. ஆறாவது மரத்தில் வெட்டின் சரிவு படுத்துக் கிடந்தது, பால் வழிந்து வெளியே போயிருந்தது. இடது கையால் காட்டினாள். ஒன்பதாவதில் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது முண்டு. அதையும் இடது கையால் காட்டினாள். ராஜகுமார், "மூணு தோட்டத்து வேல அக்கா, அவனுக்கும் அவசரம்தான்" என்றார்.

"அவசரம்னா வேற சோலிக்குப் போவச் சொல்லும்."

ஓடைக்கரையில் ஒரு பெரிய மரம். அவள் இருபத்தாறு வருடம் வெட்டிய மரம். தலைக்கு மேலே, புதுப்பட்டையில், கத்தி தடிவரைக்கும் இறங்கி விரல் நீளத்துக்கு ஒரு காயம். ஓரமெல்லாம் கறுத்துப்போய் ஏதோ கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் லீலாபாய்க்கு எல்லாம் மறந்துபோயிற்று. கார்த்திகைக் கெடு மறந்தது, டாக்டர் மறந்தது, எந்தக் கையால் காட்டுகிறோம் என்பதும் மறந்தது.

"இஞ்ச பாரும்! இது என்ன வெட்டா, கொலையா? இருவத்தாறு வருஷம் இந்த மரத்துல ஒரு கீறல் வச்சிருக்கேனா நான்? இந்தக் காயம் இனி ஆறுமா? இதுக்கு மேல எங்க கத்திய வைப்பிய? சொல்லும் தம்பி! ஒமக்க மரம்தானே, ஒமக்கு நோவல்லியா?"

ராஜகுமார் காயத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் வேறெங்கோ நின்றது.

"மரத்தப் பாரும்ணேன்! அங்க என்னத்தப் பாக்கிய?"

அவர் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். அவளுடைய வலது கை தலையைத் தாண்டி நீண்டு, காயத்தின் மேல் விரல் பதிந்து நின்றது. நன்றாக வலித்தது, இல்லை என்று அவள் சொல்லமாட்டாள். ராஜகுமார், "நாளைக்கி விடியக்காலம் வாங்க லீலாக்கா, நான் முருகதாஸுகிட்ட சொல்லிக்கிடுகேன்" என்று வாயால் சொல்லும் வரைக்கும் அந்தக் கையை அவள் கீழே இறக்கவில்லை.